படத்துக்குள் அடைபட்ட எழுத்து

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விடியும் முன்பே ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். நீலமோ சிவப்போ பின்னணி, மேலே தொலைக்காட்சியின் சின்னம், ஓரத்தில் குடை பிடித்துப் போகும் பிள்ளைகள், நடுவில் இன்னின்ன மாவட்டங்களில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை என்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி. ஊடகக்காரர்கள் இதை நியூஸ் கார்டு என்பார்கள். கண் தெரிந்தவருக்கு ஒரு நொடியில் விஷயம் விளங்கிவிடும். பார்வையற்ற தாய் ஒருவர் அதே படத்தின்மேல் விரலை வைத்தால் அனுப்பியவர் பெயர், நேரம், ‘படம்’ என்ற ஒரு சொல், இவை மட்டுமே கைபேசியிலிருந்து கேட்கும். பிள்ளையைக் கிளப்ப வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் செய்தியில் கண்ணால் பார்த்தே தீர வேண்டியது ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு சொற்கள். தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் யாருடைய கைபேசியும் அதைப் படித்துக் காட்டியிருக்கும். தமிழ்ச் சமூக ஊடகங்களில் பார்வையற்றோர் மோதிக்கொள்ளும் சுவர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை என்பது என் கணிப்பு. பட விவரிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியாகும் ஆய்வுகள் புகைப்படத்தை எப்படிச் சொல்வது என்றே அதிகம் யோசிக்கின்றன. நம் சிக்கல் அதற்கு முன்பே, எழுத்தைப் படமாக்கிவிடும் பழக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதைச் சரிசெய்யும் வழியோ, படத்தை உருவாக்கியவர் கையில் மட்டும் இல்லை. அதைப் பகிர்கிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

திரை வாசிப்பான் என்பது திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள். கணினியில் பலரும் பயன்படுத்தும் என்விடிஏ, மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞரால் 2006இல் தொடங்கப்பட்டு, ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற இளைஞரோடு சேர்ந்து வளர்க்கப்பட்டது. இன்றுவரை அது இலவசம். 2009இல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்த பிறகு, தனியாக எதையும் வாங்காமலே கைபேசி பேச ஆரம்பித்தது. தமிழ்க் குரல்களும் வந்துவிட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் பார்வையற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வழக்கறிஞர்கள், கவிஞர்கள் எல்லோரும் ஃபேஸ்புக்கில் எழுதுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், வாழ்த்துச் சொல்கிறார்கள். ‘விரல்மொழியர்’ என்று பார்வையற்றோரே நடத்தும் மின்னிதழும் தமிழில் உண்டு. இவர்கள் வாசகர்கள். எழுத்து எழுத்தாக இருக்கும் இடமெங்கும் நம்மோடு சமமாகப் புழங்குகிறவர்கள். அது படமாக மாறும் இடத்தில்தான் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

படத்துக்கு எழுத்தால் ஒரு விவரம் சேர்க்கலாம் என்ற ஏற்பாடு புதிதில்லை. இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லின் 1995ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே படத்துக்கான ‘ஆல்ட்’ என்ற மாற்று உரை இருந்தது. படங்களைக் காட்டாத உலாவிகள் அன்று புழக்கத்தில் இருந்தன. படம் வராத இடத்தில் ஒரு சொல்லாவது வரட்டும் என்பது அதன் நோக்கம். 1997இல் வந்த நான்காம் பதிப்பு, படம் போட்டால் மாற்று உரையும் இருந்தாக வேண்டும் என்றது. 1999 மே மாதம் வெளியான இணைய அணுகல்தன்மை நெறிகளில் முதல் விதியே, எழுத்தல்லாத எதற்கும் எழுத்தாலான ஈடு தர வேண்டும் என்பதுதான். ஃபேஸ்புக் பிறந்தது 2004இல், ட்விட்டர் 2006இல். விதி முன்பே இருந்தது. அதைத் தெரிந்துகொண்டே, அதற்கு இடம் வைக்காமல் கட்டிய வீடுகள் இவை. எனக்கு இதில் இன்னமும் ஆறாத கோபம் உண்டு.

ட்விட்டரின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். எழுத்துக்காகவே பிறந்த தளம் அது. தொடக்கத்தில் 140 குறிகளுக்கு மேல் எழுத முடியாது, படமும் கிடையாது. அதனால் பார்வையற்றோர் அங்கே உற்சாகமாகக் கூடினார்கள். 2011இல் ட்வீட்டிலேயே படத்தை ஏற்றும் வசதி வந்தது. அதன்பின் மெல்ல மெல்ல அந்தத் தளம் அவர்களுக்கு மௌனமாகிக்கொண்டே போனது. 2016 மார்ச் மாதம் படத்துக்கு விவரம் எழுதும் பெட்டியை ட்விட்டர் கொடுத்தது. ஆனால் அமைப்புகளுக்குள் போய் அணுகல்தன்மை என்ற பகுதியைத் தேடி அதை இயக்கினால்தான் பெட்டி கண்ணில் படும். இப்படி ஒன்று இருப்பது பார்வையற்றோருக்குத் தெரியும். படம் போடும் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கோல் க்ளீசனும் அவருடைய குழுவினரும் இதன் விளைவை அளந்து 2019இல் வெளியிட்டார்கள். படத்துடன் வந்த 10.9 லட்சம் ட்வீட்களை எடுத்துப் பார்த்ததில் மாற்று உரை இருந்தவை 0.1 விழுக்காடு, ஆயிரத்தில் ஒன்று. இந்த வசதியை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பதுபோல் இருக்கிறது என்று ஆய்வில் பேசிய ஒருவர் சொன்னதைத்தான் அவர்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள். 2020 மே மாதம்தான் பெட்டி எல்லோருக்கும் தானாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்கடுத்த மாதமே குரல் ட்வீட் என்ற வசதியை, காது கேளாதோருக்கான எழுத்துரை இல்லாமல் அறிமுகப்படுத்தினார்கள். எதிர்ப்பு எழுந்தபோதுதான், அணுகல்தன்மைக்கென்று நிறுவனத்தில் ஒரு தனிக்குழுகூட இல்லை என்பது வெளியே தெரிந்தது. அந்த ஆண்டே குழு அமைத்தார்கள். 2022 ஏப்ரலில், விவரம் உள்ள படங்களின் ஓரத்தில் ‘ஆல்ட்’ என்ற சிறு அடையாளம் தெரிய ஆரம்பித்தது. பலருக்கு இப்படி ஒன்று உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில், நிறுவனம் கைமாறிய சூட்டில், அந்தக் குழுவையே கலைத்துவிட்டார்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மஸ்டடான் என்ற சமூகத் தளத்தில் மாற்று உரைக்கு 1,500 குறிகள்வரை இடம் உண்டு. அங்கே விவரம் இல்லாமல் படம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்போல் யாராவது வந்து நினைவூட்டுவார்கள். விவரம் எழுதாமல் படத்தைப் போடவே முடியாதபடி ஒரு பூட்டை நாமே மாட்டிக்கொள்ளும் வசதி ப்ளூஸ்கை தளத்தில் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பெட்டி உண்டு. ஆனால் படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு மூன்று அடுக்கு உள்ளே போக வேண்டும்.

தமிழில் எழுத்து ஏன் இவ்வளவு எளிதாகப் படமாகிவிடுகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். நாம் அனுப்பியது அடுத்தவருக்கு அப்படியே தெரிய வேண்டுமானால் படமாக மாற்றி அனுப்புவதுதான் பத்திரமான வழியாக இருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தர நிலையாக அறிவித்துவிட்டது. கைபேசிகள் அதற்கு முழுக்க மாறிவிட்டன. ஆனால் டிடிபி கடைகளில் இன்றும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. திருமணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை அழைப்பு, கட்சிக் கூட்டத் துண்டறிக்கை எல்லாம் அங்கே கோரல்டிராவில் உருவாகி, ஜேபெக் படமாக வெளியே வருகின்றன. மூல எழுத்தைக் கேட்டு வாங்கினாலும் ஒட்டிப் பகிர உதவாது, ஏனென்றால் அது யூனிகோடில் இருக்காது.

இன்னொரு காரணம் அதிகாரத்தின் தோற்றம். கையெழுத்தும் முத்திரையும் கொண்ட கடிதத்தாளை அப்படியே ஸ்கேன் செய்து போட்டால்தான் நம்புவார்கள் என்று அலுவலகங்களும் கட்சிகளும் நினைக்கின்றன. நம்பிக்கைக்காகப் படம் போடுவதில் தவறில்லை. கடிதத்தைத் தட்டச்சு செய்த கோப்பு அதே அலுவலகக் கணினியில்தானே இருக்கிறது? அதை நகலெடுத்துப் பதிவில் ஒட்டினால் வேலை முடிந்தது. மூன்று பக்க அறிக்கை மாற்று உரைப் பெட்டிக்குள் அடங்காது என்பார்கள். அடங்க வேண்டியதில்லை. முழு எழுத்தும் உள்ள இணைப்பைப் பதிவிலேயே கொடுத்துவிட்டு, பெட்டியில் இது எந்தத் துறையின் எந்த அறிக்கை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை இது நல்லெண்ணம் சார்ந்த விஷயமாக இருந்த காலம் முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள எல்லா உள்ளடக்கமும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை உறுதிசெய்ய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்பத்துக்கான இந்திய அணுகல்தன்மைத் தரநிலையும் வந்துவிட்டது; ஐஎஸ் 17802 என்று பெயர். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மையை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமான குறைந்தபட்ச விதிகளை வகுக்கும்படி உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கின் தீர்ப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. அந்த வழக்கு வங்கி உள்ளிட்ட சேவைகளில் அடையாளச் சரிபார்ப்புக்காகக் கண் சிமிட்டு, முகத்தைத் திருப்பு என்று கேட்கும் முறை தொடர்பானது. ஆனாலும் புயல் எச்சரிக்கையைப் படமாக மட்டும் வெளியிடும் அலுவலகம் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கிறது என்பேன்.

இனி, உண்மையிலேயே புகைப்படமாக இருப்பவை. டெல்டாவில் அறுவடை நேரத்து மழைக்குப் பிறகு எடுத்த ஒரு படத்தை ஒருவர் பகிர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விவரமாக ‘விவசாயி’ என்று மட்டும் எழுதினால் அது பெட்டியை நிரப்பும், ஆளுக்கு ஒன்றும் சொல்லாது. ‘பயிரை இழந்து கலங்கி நிற்கும் ஏழை உழவர்’ என்றால் அது படத்தில் இருப்பதைவிட எழுதியவர் மனத்தில் இருப்பதைச் சொல்கிறது. அவர் ஏழையா என்று நமக்கு எப்படித் தெரியும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘முழங்கால் அளவுத் தண்ணீரில், வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒரு முதியவர் நிற்கிறார். கையில் பிடுங்கிய நெற்பயிர். கதிரிலேயே மணிகள் முளைவிட்டிருக்கின்றன. பின்னால் வரப்பு தெரியாத அளவுக்கு வயல் முழுவதும் நீர்.’ கதிரில் முளைவிட்டது என்ற ஒரு விவரம்தான் அந்தப் படத்தின் உயிர். பயிர் மூழ்கியதைத் தாண்டி, நெல் இனி அரிசியாகாது என்பதை அது சொல்லிவிடுகிறது. பார்வையற்ற வாசகர் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால், மிச்சத்தை அவரே புரிந்துகொள்வார். துக்கத்தை நாம் ஊட்ட வேண்டியதில்லை.

அதே படம் புகைப்படக் கலை பற்றிய பதிவில் வந்தால், ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது, மேகம் என்ன நிறம் என்பது முக்கியமாகிவிடும். குடும்பக் குழுவில் வந்தால், நிற்பவர் நம் பெரியப்பா என்பதே முதல் செய்தி. படம் எங்கே, எதற்காக வருகிறது என்பதைப் பொறுத்து வாசகர் எதிர்பார்க்கும் விவரம் மாறுகிறது என்பதை அபிகேல் ஸ்டாங்கலும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் பார்வைக் குறைபாடு உள்ளவர்களிடம் பேசிக் காட்டினார்கள். ஒரு படத்துக்கு ஒரே ஒரு சரியான விவரிப்பு உண்டு என்ற எண்ணத்தை விட்டுவிட்டாலே எழுதுபவருக்குப் பாதி பயம் போய்விடும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2022 ஜூலையில் ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்களை வெளியிட்டபோது, அதை இயக்கும் அறிவியல் நிறுவனத்தில் எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் மாற்று உரை எழுதியிருந்தார்கள். கரீனா நெபுலாவின் படத்தை, மேகக் கூட்டம் போன்ற கீழ்ப்பாதி, அலை அலையாக ஒரு கோடு, அதற்கு மேலே தெளிந்த வானம் என்று பகுதி பகுதியாகச் சொன்னார்கள். கண் தெரிந்தவர்களும் அந்த உரைகளை எடுத்துப் பகிர்ந்தார்கள். வண்ணக் குழம்பாகத் தெரிந்த படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பது பலருக்கு அதைப் படித்த பிறகுதான் பிடிபட்டது. நம் தொல்லியல் துறையின் அகழாய்வுப் படங்களும் அருங்காட்சியகங்களின் செப்புத் திருமேனிகளும் இப்படி எழுதப்பட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறேன். திருமேனியின் கைகளையும் முத்திரைகளையும் அணிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல நம் மொழியில் சொற்கள் நிரம்பக் கிடக்கின்றன.

ஆளை விவரிப்பதுதான் எல்லாவற்றிலும் சிரமமானது. 2021இல் சிந்தியா பென்னெட்டும் மற்றவர்களும் செய்த ஆய்வு, இனம், பாலினம், உடற்குறை ஆகியவற்றைப் பட விவரிப்பில் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியை, அந்த அடையாளங்களோடு வாழும் திரை வாசிப்பான் பயனர்களிடமே கேட்டது. சொல்லாமல் விட்டால் மனிதர்கள் காணாமல் போகிறார்கள். ஊகித்துச் சொன்னால் தவறாகச் சித்திரிக்கப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் இழப்பு உண்டு என்பது அதில் வெளிப்பட்டது.

இந்த முள் தமிழ்நாட்டில் இன்னும் ஆழமாகக் குத்தும். நம் படங்களில் நெற்றி பேசும், கழுத்து பேசும், தோளில் கிடக்கும் துண்டு பேசும், நிறம் பேசும். நெற்றியில் திருநீறு இருக்கிறது, கழுத்தில் சிலுவை தொங்குகிறது என்றால் அது கண்ணுக்குத் தெரிவது. அதைக் கொண்டு சாதியைப் பெயர் சொல்லி எழுதுவது ஊகம். ஊரிலும் தெருவிலும் அந்த ஊகம் என்னென்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். நிறத்திலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. நான்கு பெண்கள் நிற்கும் படத்தில் ஒருவரை மட்டும் ‘சிவந்த நிறப் பெண்’ என்றும், இன்னொன்றில் ஒருவரை மட்டும் ‘கறுத்த பெண்’ என்றும் எழுதுகிறோம். மாநிறமாக இருப்பவருக்கு நிறமே சொல்வதில்லை. சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. படத்தில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று தெரிந்தால் அந்தச் சொல்தான் முதலில். சக்கர நாற்காலியில் இருப்பவரைச் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றே எழுதலாம். ‘பாதிக்கப்பட்ட’ என்ற அடைமொழி அவருக்குத் தேவையில்லை.

கனமான இந்த இடத்திலிருந்து மீம்களுக்கு வருகிறேன். தமிழ்ச் சமூக ஊடகத்தைப் பற்றிப் பேசிவிட்டு மீம்களைப் பேசாமல் போக முடியாது. 2019 மே மாத இறுதியில், கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. தமிழர் ஒருவர், இது சுத்தியல், இதனால்தான் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்கிற மாதிரி பதில் எழுதினார். 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் அது. நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்டானது. ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: அந்தச் சிரிப்பு எழுத்தில் பிறந்தது. பதிலைத் திரை வாசிப்பானில் கேட்ட பார்வையற்றவரும் அதே நொடியில் சிரித்திருப்பார், ஏனென்றால் அந்தக் காட்சியை வசனமாகவும் சத்தமாகவும் அவர் அறிவார். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டும், பண்பலையில் நகைச்சுவைத் துணுக்குகள் கேட்டும் வளர்ந்த ஊர் இது. அடுத்து வந்த மீம் படங்கள்தான் அவரை வெளியே நிறுத்தின.

க்ளீசன் குழுவினர் மீம்களைப் பற்றியும் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மீம்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் திரும்பத் திரும்ப வருபவை. ஆகவே வார்ப்புக்கு ஒருமுறை விவரம் எழுதிவிட்டால், மாறும் எழுத்தை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மீமை ஒலியாகவே மாற்றிப் பார்க்கவும் முயன்றார்கள். இந்த இரண்டு யோசனைகளும் வேறெந்த மொழியையும்விடத் தமிழுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. வடிவேலு, கவுண்டமணி, செந்தில், விவேக் படங்களின் முகங்களில் நாம் எடுத்துப் பயன்படுத்துபவை சில நூறு இருக்கலாம். ‘மருத்துவமனைக் கட்டிலில் தலையில் கட்டோடு நேசமணி’ என்று எழுதினால் வாசகர் காதில் வடிவேலுவின் குரல் தானாக வந்துவிடும். முகபாவத்தை வர்ணிக்கவே வேண்டாம். எந்தப் படம், எந்தக் காட்சி, மேலே என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றும் போதும். விவரித்தால் நகைச்சுவை செத்துவிடும் என்று மீம் போடுபவர்கள் தயங்குவதுண்டு. விவரிக்காவிட்டால் அந்த வாசகருக்கு அது பிறப்பதே இல்லை.

நேசமணி ஹேஷ்டேக்கில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இருந்தது. அதனால் திரை வாசிப்பான் அதைத் தனித்தனிச் சொற்களாகப் படிக்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கிச் சமாளிக்கலாம். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, ஆகவே அடிக்கோடுதான் நமக்கு வழி. பெயரை அலங்காரமாக எழுதச் சிலர் எடுத்துப் பயன்படுத்தும் வளைந்த ஆங்கில எழுத்துகள் உண்மையில் கணிதக் குறிகள். திரை வாசிப்பான் அவற்றைக் குறிகளாகவே படிக்கும், அல்லது விட்டுவிடும். எமோஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. வாக்கியத்தின் நடுவே வரிசையாக வைத்தால் அந்தப் பெயர்கள் குறுக்கே வந்து பேச்சைக் குழப்பும். கடைசியில் ஒன்று வைத்தால் யாருக்கும் தொல்லையில்லை.

எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமானது. 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக் தானியங்கி மாற்று உரையை அறிமுகப்படுத்தியது. மேட் கிங் என்ற பார்வையற்ற பொறியாளர் அதில் முக்கியப் பங்காற்றினார். சுமார் நூறு பொருள்களை அடையாளம் காணும் முறை அது: மரம், வானம், சிரிக்கும் மனிதர்கள் இருக்கக்கூடும் என்று சொல்லும். நியூஸ் கார்டாக இருந்தால் எழுத்து இருக்கக்கூடும் என்று முடித்துக்கொள்ளும். 2021 ஜனவரியில் அடையாளம் காணும் பொருள்களின் எண்ணிக்கை 1,200ஐத் தாண்டியது. டென்மார்க்கைச் சேர்ந்த பார்வைக் குறைபாடுள்ள கைவினைஞர் ஒருவர் தொடங்கி, 2015இல் வெளியான ‘பி மை ஐஸ்’ செயலி, முதலில் தன்னார்வலர்களின் கண்களைக் காணொளி அழைப்பில் கடன் தந்தது. 2023இல் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துக்கொண்டது. இன்று படத்தைக் காட்டினால் அது பத்தி பத்தியாகப் பேசும். பார்வையற்றோர் பலருக்கு இது பெரிய விடுதலை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஹேலி மெக்லியோடும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இன்னமும் எச்சரிக்கிறது. இயந்திரம் தவறாகச் சொன்னாலும், பார்வையற்ற பயனர்கள் அதை நம்பினார்கள். பதிவின் எழுத்துக்கும் இயந்திரத்தின் விவரத்துக்கும் பொருந்தாதபோது, இரண்டையும் இணைக்கத் தாங்களே ஒரு கதையைக் கற்பித்துக்கொண்டார்கள். சரிபார்க்கக் கண் இல்லாத இடத்தில் தன்னம்பிக்கையோடு பேசும் குரல் எளிதாக ஏமாற்றிவிடும். நியூஸ் கார்டில் உள்ள அலங்காரத் தமிழ் எழுத்தைப் படிக்கும்போது இயந்திரம் தேர்வுத் தேதியில் ஓர் எண்ணை மாற்றினால் தேர்வே தவறிப்போகும். இயந்திரத்துக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. படத்தில் இடது ஓரத்தில் நிற்பவர் போன வருடம் இறந்துபோன அத்தை என்பதும், அதற்காகத்தான் இந்தப் படத்தை இன்று பகிர்ந்தோம் என்பதும் போட்டவருக்கு மட்டுமே தெரியும். இயந்திரம் ஒரு வரைவைத் தரட்டும். அதைத் திருத்தி எழுத வேண்டியவர் போட்டவர்தான்.

பகிர்தல் என்ற செயலுக்குள் ஒரு கசிவு இருக்கிறது. யாரோ ஒருவர் அக்கறையோடு மாற்று உரை எழுதிப் படம் போடுகிறார். அதை நாம் தரவிறக்கி வேறிடத்தில் ஏற்றினால் அந்த உரை கூடவே வராது. அது பதிவோடு ஒட்டியது, படக் கோப்போடு ஒட்டியதில்லை. புகைப்படக் கோப்புக்குள்ளேயே மாற்று உரையை எழுதிவைக்கும் இடத்தை ஐபிடிசி தரநிலை 2021இல் சேர்த்தது. ஆனால் சமூகத் தளங்கள் ஏற்றும்போதே கோப்பின் உள்விவரங்களைப் பெரும்பாலும் கழற்றிவிடுகின்றன. ஸ்கிரீன்ஷாட் அதைவிட மோசம். நல்ல யூனிகோட் எழுத்தில் இருந்த ஒரு பதிவை ஒருவர் திரைப்பிடிப்பு எடுத்துப் பகிர்ந்தால், எழுத்தாகப் பிறந்தது அங்கே படமாகிச் சாகிறது. பதிவு அழிந்துபோனால் ஆதாரம் வேண்டுமே என்று எடுப்பவர்களுக்கு என் பதில்: எடுங்கள், கூடவே அந்த எழுத்தையும் இணைப்பையும் ஒட்டுங்கள்.

அடுத்தவர் பதிவை ஃபேஸ்புக்கில் பகிரும்போது அவருடைய படத்துக்கு நாம் மாற்று உரை எழுத முடியாது. ஆனால் பகிர்வுக்கு மேலே நம் வரி ஒன்று எழுத இடம் இருக்கிறதே. ‘அருமை’, ‘அவசியம் படிக்கவும்’ என்று அங்கே எழுதுகிறோம். எதைப் படிக்க வேண்டும் என்று திரை வாசிப்பான் வைத்திருப்பவர் கேட்கமாட்டாரா? படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்த இடத்தில் எழுதலாம். எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் மேற்கோளாகப் பகிரும்போதும் அப்படியே. வாட்ஸ்அப்பில் படத்துக்குக் கீழே எழுதும் வரிதான் எளிய வழி. குடும்பக் குழுவில் முப்பது பேர் இருந்தால், முதலில் பகிரும் ஒருவர் எழுதினால் போதும். அதற்குப் பிறகு பகிர்பவர்கள் படத்தோடு அந்த வரியும் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.

திருமணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப் படம், பிள்ளையார், தாத்தா பாட்டி பெயர்கள், பட்டங்கள், தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றத்தார் பட்டியல் என்று எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. மணமக்கள் பெயர், நாள், முகூர்த்த நேரம், மண்டபம், ஊர், வரவேற்பு முந்தின நாள் மாலை என்றால் அந்த நேரம், இவ்வளவுதான் முதலில் வேண்டியவை. பெற்றோர் பெயரைச் சேர்த்தால் எந்த வீட்டுக் கல்யாணம் என்பதும் தெளிவாகும். இப்போதெல்லாம் பத்திரிகையின் மூலையில் மண்டபத்துக்கு வழிகாட்டும் க்யூஆர் கட்டம் அச்சிடுகிறார்கள். பார்வையற்றவருக்கு அதன்மேல் கேமராவைச் சரியாகப் பிடிப்பதே சிரமம், அதுவும் கட்டம் அவருடைய கைபேசித் திரைக்குள்ளேயே இருக்கும்போது. வரைபட இணைப்பை எழுத்தாகவே கீழே ஒட்டிவிட்டால், அவர் அதைத் தொட்டு ஆட்டோவுக்கு வழியைக் காட்டி மண்டப வாசலில் இறங்கிக்கொள்வார்.